குன்னத்து வெங்காய வண்டிக்கு இரண்டாவது டாங்க்

நான் மோட்டார் மெக்கானிக் என்று சொன்னால் கொழும்பில் யாரும் நம்பமாட்டார்கள். குன்னத்தில் நம்பினார்கள். இந்தப் பயணம் நடந்ததற்கு அதுதான் காரணம்.

மருதானையில் ஒரு கராஜில் எனக்கு வேலை. கார் கழுவுவது, பெரிய மெக்கானிக் கேட்கிற ஸ்பானரை எடுத்து நீட்டுவது, கேட்காத ஸ்பானரை நீட்டி ஏச்சு வாங்குவது. எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். ஆனால் அம்மா, சொந்த ஊரான குன்னத்தில் இருக்கும் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் எனக்கு ஒரு பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் அவள் கடிதத்தில் நான் மெக்கானிக் ஆகியிருந்தேன். உடனே மாமாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. வண்டிக்கு இரண்டாவது பெட்ரோல் டாங்க் ஒன்று வைக்க வேண்டும், மாப்பிள்ளையை அனுப்பி வை.

கப்பலில் எனக்கும் கடலுக்கும் நடந்ததை எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து தொடங்குகிறேன்.

மாமா காக்கி அரைக்கால் சட்டையோடு விறைப்பாக நின்றிருந்தார். சண்டைக்காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். பட்டாளம் அவரை அனுப்பிவிட்டாலும் அவர் இன்னும் பட்டாளத்தை அனுப்பவில்லை. ஸ்டேஷனுக்கு வெளியே புளியமரத்தடியில் அவருடைய வண்டி நின்றது. பட்டாளம் வேண்டாம் என்று ஏலம் போட்ட பிக்-அப். முன்னால் இருந்து பார்த்தால் லாரி. பின்னால் இருந்து பார்த்தால் கட்டை வண்டி.

“இதுவா மாமா வண்டி?”

“ஏன், என்ன கொறச்சல்?”

“ஒண்ணுமில்ல. ரெண்டாவது டாங்க்குன்னு எழுதியிருந்தீங்க. நான் ரெண்டாவது வண்டியே கேட்டிருப்பேன்.”

மாமா சிரிக்கவில்லை. “ஏறு” என்றார். ஏறினேன். கதவு என் கையோடு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு குன்னம் வரை போனேன். கொழும்பில் டிராமில் போனால் அடுத்தவன் முழங்கை இடிக்கும். இங்கே ரோடே இடித்தது.

வழி நெடுக மாமா விஷயத்தைச் சொன்னார். ஜோடி மாட்டை விற்றுத்தான் இந்த வண்டியை வாங்கியிருக்கிறார். போன மாதம் ஊரில் ஏழு வீட்டு வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு மெட்ராசுக்குக் கிளம்பினார். விழுப்புரம் பக்கத்தில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. கையில் ரேஷன் கூப்பன் இருக்கிறது, பங்க்கில் பெட்ரோல் இல்லை. நாளைக்கு வா என்றார்கள். நாளைக்கும் நாளைக்கு வா என்றார்கள். நடுவில் ஒரு மழை வேறு.

“மெட்ராஸ் போயி சேந்தப்ப மூட்டைக்குள்ளேருந்து பச்ச பச்சயா தாளு எட்டிப் பாக்குது மாப்ள. யாவாரி சிரிக்கறான், நாத்து கொண்டாந்தியா வெங்காயம் கொண்டாந்தியான்னு.”

“ஊர்ல என்ன சொன்னாங்க?”

“இன்னொரு தடவ பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. ஒரே தடவ. இதுவும் வழில நின்னுச்சுன்னா அரியலூர் கமிஷன் கடைக்கே போட்டுக்கறோம்னுட்டாங்க. மாடும் போயி வண்டியும் போச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு குன்னத்துல நடக்கறது?”

ஆக, எந்தப் பங்க்கையும் கெஞ்சாமல் மெட்ராஸ் போய்ச் சேருகிற அளவுக்குப் பெட்ரோலை இங்கிருந்தே சுமந்துகொண்டு போக வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது டாங்க். அதற்குத்தான் நான்.

வீட்டுக்குப் போனதும் இன்னொரு சங்கதி தெரிந்தது. மாடு போன நாளிலிருந்து, அதாவது மூன்று மாதமாக, அத்தை மாமாவிடம் பேசுவதில்லை. ஆனால் வீடு நடக்க வேண்டுமே. அதனால் சொல்ல வேண்டியதை எல்லாம் கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏ கோழி, சோறு ஆறுது. உங்க மொதலாளிய வந்து திங்கச் சொல்லு.”

நான் வந்த பிறகு கோழிக்கு ஓய்வு கிடைத்தது. “மாப்ள, சோறு ஆறுதுன்னு சொல்லு.” மாமா இரண்டு முழ தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, “மாமா, சோறு ஆறுதாம்” என்பேன். “கேட்டுச்சுன்னு சொல்லு” என்பார்.

சோளச் சோறு, வெங்காயப் புளிக்குழம்பு, வெங்காயத் துவையல், கடித்துக்கொள்ளப் பச்சை வெங்காயம். கொழும்பில் காலையில் பாண் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் தின்று பழகிய வாய்க்குச் சோளம் கொஞ்சம் முரட்டுத்தனமாகத்தான் இருந்தது. மூன்றாம் உருண்டைக்குப் பிறகு அதுவும் நானும் சமாதானம் ஆனோம். “மோருக்கும் வெங்காயமா அத்த?” என்று கேட்டேன். “வேணாம்னா மோர மட்டும் குடி. வெங்காயத்த கோழிக்குப் போடு, அது மெக்கானிக்கு ஆவட்டும்” என்றாள். மூன்று மாதம் பேசாமல் சேர்த்து வைத்தவளிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதோடு சரி.

மறுநாள் அரியலூர் போனோம். டாங்க் செய்கிறவர் காதர் பாய். லாந்தர், வாளி, டிரங்குப் பெட்டி, எண்ணெய் ஊற்றும் புனல் எல்லாம் அடிக்கிற தகரக்கடை. அவர் முன்னால் உட்கார்ந்திருந்தது எட்டு காலன் பிடிக்கிற ஒரு நீளப் பெட்டி. உள்ளே இரண்டு தடுப்பு வைத்திருந்தார், வண்டி ஆடும்போது பெட்ரோல் அலையடிக்காமல் இருப்பதற்கு.

“கொழும்புத் தம்பி, நீங்க தொழில் தெரிஞ்சவுக. வந்து பாருங்க” என்றார்.

நான் குனிந்து உள்ளே பார்த்தேன். இருட்டாக இருந்தது. “நல்லா இருக்கு பாய்” என்றேன்.

பாய் சோதனை செய்த விதம் எனக்குப் பிடித்தது. டாங்க்குக்கு வெளியே மூட்டு மூட்டாகச் சுண்ணாம்பு பூசிக் காய விட்டார். உள்ளே ஒரு படி மண்ணெண்ணெய் ஊற்றி, குழந்தையைத் தொட்டிலில் புரட்டுவது மாதிரி நாலு பக்கமும் புரட்டிப் புரட்டி வைத்தார். எங்காவது கசிந்தால் வெள்ளைச் சுண்ணாம்பில் ஈரப் புள்ளி தெரிந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் கடுகளவு தெரிந்தது. “பாத்தீங்களா சைத்தான!” என்று சொல்லி, மண்ணெண்ணெயைக் கொட்டிக் கழுவிக் காயவைத்து, ஈயத்தை உருக்கி வைத்தார். திரும்பவும் சுண்ணாம்பு. திரும்பவும் தாலாட்டு. இதற்கே சாயங்காலம் ஆகிவிட்டது.

பக்கத்து டீக்கடையில் இரண்டு பேர் எங்கள் வண்டியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு வயிறு வச்சா ரெண்டு மடங்கு குடிக்கும்ல?”

“அதான் சொல்றேன். இருக்கற ஒரு வயித்துக்கே நம்மாள ஊத்த முடியல.”

டீயில் கருப்பட்டி போட்டிருந்தார்கள். கண்டித் தோட்டத்தில் பிறந்த இலை இங்கே வந்து இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கிளாஸ் வாங்கிக் குடித்தேன்.

மூன்றாம் நாள் டாங்க்கை மாட்டினோம். முன் சீட்டுக்குப் பின்னால், மூட்டை ஏற்றும் தட்டுக்கு அடியில், இடது பக்கம். இரும்புப் பட்டை இரண்டு. பட்டைக்கும் தகரத்துக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தார் பாய், தேய்ந்து ஓட்டை விழாமல் இருக்க. அதிலிருந்து ஒரு செம்புக் குழாய். பழைய டாங்க்கின் குழாயும் இதுவும் சேருகிற இடத்தில் ஒரு பித்தளைத் திருகு. இந்தப் பக்கம் திருப்பினால் பழைய டாங்க், அந்தப் பக்கம் திருப்பினால் புதுசு. நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, “ம், இறுக்குங்க... ம், போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் நான் சொல்வதற்கு முன்பே இறுக்கி முடித்திருந்தார்கள்.

கடைசியாகப் பாய் மூடியைக் கையில் எடுத்தார். ஒரு சின்ன ஆணியை வைத்து அதன் நடுவில் ஒரே தட்டு.

“என்ன பாய், புது டாங்க்குல ஓட்டையா? நேத்து முச்சூடும் ஓட்டைய அடைச்சீங்க.”

“அது ஓட்ட தம்பி. இது மூக்கு. மூக்கு இல்லாம எது உசுரோட இருக்கும்? இதுல தண்ணி போகாமப் பாத்துக்கங்க, அடைக்காமப் பாத்துக்கங்க. இன்ஷா அல்லா, மெட்ராஸ் என்ன, டில்லிக்கே போகும்.”

“மூக்கு வச்சீங்க, ஒரு மூக்குத்தியும் போட்டு விடுங்க” என்றேன். பாய் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொன்னதில் என் காதில் தங்கியது மூக்குத்தி மட்டும்தான், அதுவும் நான் சொன்னது.

மாமா இரண்டு மாதக் கூப்பனைச் சேர்த்து வைத்திருந்தார். இரண்டு டாங்க்கும் கழுத்து வரை நிரம்பின. அங்கிருந்து நேரே கல்லங்குறிச்சிப் பெருமாள் கோயில். முதல் விளைச்சலோ முதல் கன்றோ, எதுவானாலும் அந்தப் பெருமாளுக்குக் காட்டாமல் இந்தப் பக்கத்தில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர் கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு அம்மாள் முறத்தில் கம்பு. எங்களிடம் டாங்க்.

பட்டர் கற்பூரத் தட்டோடு வண்டியைச் சுற்ற வந்தார். அப்போதுதான் நான் இந்தப் பயணத்திலேயே மெக்கானிக்காக ஒரு காரியம் செய்தேன்.

“சாமி, நில்லுங்க! ரெண்டு டாங்க்கு நெறய பெட்ரோல் இருக்கு. நெருப்பு கிட்ட வரக் கூடாது.”

பட்டர் ஆறடி பின்னால் போனார். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். “பாத்தீங்களா சாமி, கொழும்புல தொழில் கத்த புள்ள” என்றார். கன்றுக்குட்டிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப பூசைக்கு என்னப்பா பண்றது?” என்றார் பட்டர்.

“சந்தனம், குங்குமம் குடுங்க. நான் பாத்துக்கறேன்.”

இந்த விளக்குக்கு ஒன்று, அந்த விளக்குக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று. பழைய டாங்க்குக்கு வைக்கவில்லை. புதுசுதானே மணப்பெண் என்று அதன் மூடிக்கு மட்டும் ஒரு ரூபாய் அகலத்தில் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, காற்றில் விழாமல் இருக்கக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினேன். நல்ல கெட்டிச் சந்தனம்.

வீட்டில் அத்தை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். மூடியைப் பார்த்ததும் நின்றாள்.

“இது யாரு வேல?”

“நான்தான் அத்த. அழகா இருக்கா?”

“ம்” என்றாள். அன்றைக்கு அவ்வளவுதான்.

நாலாம் நாள் விடிந்ததும் ஏழு வீட்டு வெங்காயமும் ஏறியது. வெங்காயத்துக்குக் காவலாகச் சின்னப்பன் வந்தார். ஏழு வீட்டில் அவருடைய மூட்டைதான் அதிகம். மாதா கோயில் இருக்கிற ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து இங்கே பெண் கட்டி வந்தவர். கழுத்தில் சிலுவை, கையில் சாட்டைக்கம்பு. மாடு இல்லாத வண்டிக்கு எதற்குச் சாட்டை என்று கேட்டேன். “பழக்கம்” என்றார்.

அத்தை ஒரு துணி மூட்டையோடு வந்து பின்னால் ஏறினாள். பெரம்பலூரில் தங்கை வீடு இருக்கிறது.

“மாப்ள, சொல்லு. இது மெட்ராஸ் போயி திரும்பி வந்தா, நானும் திரும்பி வாரேன். வழில நின்னுச்சுன்னா என் தங்கச்சி வூட்டுலயே இருந்துக்கறேன்.”

மாமா ஒரு கை தூரத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. தண்ணீர் மட்டும் கொஞ்சம் வெளியே ஊற்றியது.

ஊர் எல்லை தாண்டியதும் மாமா பித்தளைத் திருகைப் புது டாங்க் பக்கம் திருப்பினார். “புதுச மொதல்ல சோதிச்சுக்கணும். பெரம்பலூருக்குள்ள தெரிஞ்சு போயிரும்” என்றார்.

அதற்கு முன்பே தெரிந்தது. இரண்டு மைல் போனதும் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றது.

இறங்கினோம். மூடியைத் திறந்து ஒரு சோளத்தட்டையை விட்டுப் பார்த்தோம். மேல்வரை ஈரம். பெட்ரோல் இருக்கிறது. மூடினோம். மாமா கோயில் துளசியை ஒரு இணுக்கு எடுத்து ஸ்டியரிங்கில் செருகி, “பெருமாளே” என்றார். வண்டி கிளம்பியது.

“பாத்தியா!” என்றார் மாமா.

இன்னும் இரண்டு மைல். இருமல். நின்றது. திரும்பவும் மூடி, திரும்பவும் சோளத்தட்டை, திரும்பவும் ஈரம். துளசி இருந்த இடத்திலேயே இருந்தது. இந்தத் தடவை சின்னப்பன் மூட்டை மேல் எழுந்து நின்று நெற்றியில் தொடங்கிச் சிலுவை போட்டு, “எங்கம்மா மாதாவே, ஏழு வூட்டு வெங்காயம்மா” என்றார். வண்டி கிளம்பியது.

“யாருன்னு இப்ப தெரிஞ்சுதாண்ணே?” என்றார் சின்னப்பன்.

“மொதல்ல கெளப்புனது யாரு?” என்றார் மாமா.

“மொதல்ல கெளம்புனதுதான் ரெண்டு மைல்ல நின்னு போச்சே.”

மாதாவும் இரண்டு மைல்தான் தாங்கினாள். மூன்றாவது தடவை நான் களத்தில் இறங்கினேன். மூடியைத் திறந்து கண்ணை இடுக்கிப் பார்த்து, தலையை ஆட்டி, மூடிவிட்டு, பெட்ரோல் பம்ப்பில் ஸ்பானரால் மூன்று தட்டுத் தட்டினேன். கிளம்பியது. “இது மருதானை முறை” என்றேன். இருவரும் அடங்கினார்கள்.

நாலாவது தடவை ஒரு பருத்திக் காட்டுக்குப் பக்கத்தில் நின்றது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இறங்காமலே இருந்தார். எதிரே அரியலூர்ப் பக்கம் போகிற காலி மாட்டு வண்டிகள் மூன்று வரிசையாக வந்துகொண்டிருந்தன. சின்னப்பன் அவற்றைப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. என் மூட்ட மட்டும்னா நான் உங்ககூட நிப்பேன். ஏழு வூடு. நான் என்ன பதில் சொல்லுவேன்?”

மாமா ஸ்டியரிங்கை விடாமல், “அந்தப் பாய் என்னைய ஏமாத்திட்டான்” என்றார்.

“தகர டப்பா அடிக்கறவருக்கு மோட்டாரப் பத்தி என்ன மாமா தெரியும்? டாங்க்க கழட்டிக் கொண்டுபோயி அவரு கடைல எறிங்க.” இதைச் சொன்னது நான்.

சின்னப்பன் சாட்டைக்கம்பை உயர்த்தி முதல் வண்டியை நிறுத்தினார். அப்போது மூட்டைகளின் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

“இங்க பாருங்க.”

மாமா கோழி எங்கே என்று திரும்பிப் பார்த்தார். கோழி இல்லை. அத்தை அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் மேல குந்திக்கிட்டு பாத்துக்கிட்டே வாரேன். பெருமாளு கெளப்புனாரு, மாதா கெளப்புச்சு, இவன் தட்டிக் கெளப்புனான். மூணு தடவயும் மூணு ஆளு. ஆனா மூணு தடவயும் மூடியத் தொறந்தீங்க.”

“பெட்ரோலு இருக்கான்னு பாத்தோம்” என்றார் மாமா. மூன்று மாதத்தில் மனைவியிடம் அவர் நேராகச் சொன்ன முதல் பேச்சு இதுதான்.

“இந்தத் தடவ மூடியத் தொடாதீங்க. நீங்க சாமி கும்புடுங்க. அந்தண்ணன் சிலுவ போடட்டும். இவன் தட்டட்டும். கெளம்புதான்னு பாப்போம்.”

மூன்றையும் செய்தோம். நான் மூன்று தட்டுக்குப் பதில் ஆறு தட்டினேன். கிளம்பவில்லை.

“இப்ப சாமியும் வேணாம், மாதாவும் வேணாம். மூடிய மட்டும் தொறங்க.”

மாமா இறங்கி வந்து மூடியைத் திருகினார். டாங்க் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக மூச்சு இழுத்தது. முன்னே மூன்று தடவையும் இழுத்திருக்கும். நாங்கள் சத்தமாக இருந்திருக்கிறோம். மாமா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே ஏறி ஸ்டார்ட் செய்தார். வண்டி கிளம்பியது.

“மண்ணெண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டா எண்ணெ வருமா? எதுத்தாப்புல இன்னொண்ணு போட்டாத்தான காத்து உள்ள போயி எண்ணெ வெளிய வரும்? இந்த டாங்க்குக்குக் காத்து எங்குட்டுப் போவும்? பாய் ஓட்ட ஏதும் வைக்கலயா?” என்றாள் அத்தை.

“வச்சாரே” என்றார் மாமா. “மூடிலதான் வச்சாரு. மூக்குன்னு ஏதோ சொன்னாரு. இல்ல மாப்ள?”

எனக்கு அந்த நேரத்தில் கட்டைவிரல் லேசாகக் கூசியது.

“இங்கிட்டு குடுங்க” என்று அத்தை கீழே இறங்கி மூடியை வாங்கினாள். சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் பருத்திக் காட்டைப் பார்த்தேன். நல்ல விளைச்சல். அத்தை மாமாவுக்கும் சின்னப்பனுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நகத்தால் சுரண்டினாள். கொண்டையிலிருந்து ஊசியை உருவி நடுவில் குத்தி ஒரு திருகு திருகினாள். முந்தானையால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தாள்.

“என்னா புள்ள?” என்றார் மாமா.

“தூசி” என்றாள் அத்தை. “ரோட்டுத் தூசி அடச்சிருக்கு.”

சின்னப்பன் நிறுத்திய வண்டிக்காரர், “ஏத்தறீங்களா இல்லியா?” என்றார். சின்னப்பன் சாட்டையை இறக்கினார். “போயிட்டு வாங்க” என்றார்.

நான் ஏறி என் இடத்தில் உட்காரப் போனேன். அத்தை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கதவும் அவள் பக்கம்தான் சாய்ந்தது.

“பின்னால ஏறு.”

“அவன் மெக்கானிக்கு புள்ள. முன்னால இருக்கட்டும்” என்றார் மாமா.

“ஊசி எங்கிட்ட இருக்கு” என்றாள் அத்தை.

பெரம்பலூர் வரை வெங்காயத்தின் மேல் போனேன். மூன்று மைல், நாலு மைல், ஐந்து மைல். வண்டி இருமவில்லை. பெரம்பலூரில் தங்கை வீட்டுத் தெரு வந்தது, போனது. அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மெட்ராஸ் ரோடு பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி என்னை இறக்கிவிட்டார்கள்.

“வூட்ல கோழிக்குத் தண்ணி வையி. சாயங்காலம் கூட்டி அடை. ஏழு இருக்கணும், எண்ணிக்க” என்றாள் அத்தை.

புழுதி அடங்கும் வரை நின்று பார்த்தேன். பிறகு கடலைப் பிண்ணாக்கு ஏற்றிய ஒரு மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டு குன்னம் திரும்பினேன். வண்டிக்காரர் நான் யார், என்ன தொழில் என்று கேட்டார். சமையல் என்று சொன்னேன்.

அடுத்த நாலு நாளைப் பற்றி எழுத அதிகமில்லை. கோழி ஏழும் இருந்தன. சோளச் சோறு ஆக்கினேன். கோழிகளுக்கே பிடிக்கவில்லை. மீதி ஆறு வீட்டுக்காரர்களும் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வந்து, “எதாச்சும் தாக்கல் உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாம் நாள் இரண்டு பேர் கேட்காமல், என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். நான் யாரையும் கேலி செய்யவில்லை. செய்ய வரவில்லை.

நாலாம் நாள் சாயங்காலம் ஹாரன் கேட்டது. வண்டியில் வெறும் சாக்குகள் மடித்து வைத்திருந்தன. சின்னப்பன் தட்டில் நின்றுகொண்டே வந்தார். தெருவே கூடிவிட்டது.

“எங்கயும் நிக்கல! ஒரு எடத்துல கூட நிக்கல! போற வழில ஒரு பங்க்குலயும் கைய நீட்டல! வெங்காயம் காஞ்சது காஞ்சபடியே எறங்கிச்சு. யாவாரி அடுத்த லோடு எப்பன்னு கேக்கறான்!” என்று மேலேயிருந்தே சொன்னார். பிறகு, “எல்லாம் மாதா” என்றார். “பெருமாளு” என்றார் மாமா. அத்தை முன் சீட்டிலிருந்து இறங்கினாள். கொண்டையில் ஊசி இருந்தது. நேரே போய்க் கோழியை எண்ணினாள்.

மாமா என்னை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“மாப்ள, மூணு மாசம் பேசாதத முச்சூடும் போயி வர்றதுக்குள்ள பேசித் தீத்துட்டா. மாட்ட பத்தி மட்டும் விழுப்புரம் வரைக்கும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் எங்க சொல்றது? ஓட்டிக்கிட்டே இருந்தேன்.” மாமா சிரித்தார். பட்டாளம் அதை எடுத்துக்கொண்டு போகவில்லை என்று தெரிந்தது.

நான் கிளம்புகிற அன்று அத்தை சோளப் பொரியும் வெங்காய வடகமும் கட்டிக் கொடுத்தாள். கூடவே காகிதத்தில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலம். மெட்ராசில் வாங்கியதாம். பிரித்தேன். சந்தன வில்லை, ஒரு டஜன் இருக்கும்.

“என்ன அத்த இது?”

“உன் தொழிலுக்கு ஆவும். வச்சுக்க” என்றாள். மாமா பக்கத்தில் நின்று, “நல்ல சந்தனம் மாப்ள, மணக்குது பாரு” என்றார்.

அரியலூரில் ரயிலுக்கு நேரம் இருந்தது. மாமா ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் பாய் கடைக்குப் போனேன். அவர் ஒரு லாந்தரை மடியில் வைத்து ஈயம் வைத்துக்கொண்டிருந்தார்.

“டாங்க்கு எப்புடி தம்பி?”

“நல்லா மூச்சு விடுது பாய்.”

“அல்ஹம்துலில்லாஹ். யாரும் கொற சொல்லலயே?”

“ஒரு மடையன் சொன்னான் பாய். அவன் இன்னிக்கு ஊருக்குப் போறான்.”

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் சட்டைப்பையிலிருந்து வந்த வாசனையை மோந்தார். “மூக்குத்தி போட்டீங்களாக்கும்” என்று லாந்தரைப் பார்த்துச் சொன்னார்.

தனுஷ்கோடியில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சுங்க ஆபீசர் என் பெட்டியைக் கிளறினார். வடகத்தை விட்டுவிட்டார். பொட்டலத்தை எடுத்தார்.

“இது என்ன?”

“மோட்டார் சாமான் சார்.”

பிரித்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். “சந்தனமா இருக்கே. மோட்டார்ல எங்க வைப்பே?”

“டாங்க் மூடியில சார்.”

“வச்சா?”

“வண்டி நின்னுடும் சார்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பொட்டலத்தைப் பெட்டிக்குள் போட்டார். சாக்குக்கட்டியால் பெட்டியில் ஒரு கோடு இழுத்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.